பதினோரு கோப்பைகளும் ஒரே கிருமியும்

ஆமாம் என்று எழுத ஒரு நொடி போதும். வேண்டாம் என்று எழுதினால் நாற்பது நிமிடம். முதலில் டாக்டர் கூப்பிடுவார், பிறகு அவருடைய நர்ஸ், பிறகு நோயாளியின் மகள் அரிசோனாவிலிருந்து. யாரும் கோபப்பட மாட்டார்கள், அதுதான் கொடுமை. எல்லோரும் வருத்தப்படுவார்கள். நாற்பது நிமிடம் அந்த வருத்தத்தைக் கேட்டுவிட்டு எப்படியும் ஆமாம் என்றுதான் எழுதப் போகிறேன். முதல் நொடியிலேயே எழுதித் தொலைத்தால் என்ன? வெர்னாவுக்கு அப்படித்தானே எழுதினேன்.

சென்யா கல்லியோ பேனாவைக் கீழே வைத்தாள்.

மேசையில் பதினோரு மருந்துச் சீட்டுகள் கிடந்தன. பதினொன்றும் ஏரிக்கரையில் இருக்கும் ஸ்ப்ரூஸ் முனை முதியோர் இல்லத்திலிருந்து வந்தவை. பதினொன்றிலும் எர்டாபெனம் ஊசி, தினம் ஒன்று, ஏழு நாள். வேறு மருந்துகள் கைவிட்ட பிறகு எடுப்பதற்கென்று பூட்டி வைத்திருக்கும் ஊசி அது. அந்த அலமாரியைத் திறக்க வேண்டுமானால் ஆஸ்பத்திரியின் மருந்தாளுநர் சென்யா கையெழுத்துப் போட வேண்டும். வடக்கு மின்னசோட்டாவின் இந்தச் சுரங்க ஊரில், மருந்துக்கு அடங்காத கிருமிகளைத் தேடிப் பிடிப்பதும் அவள் வேலைதான். 'துப்பறிவாளர்' என்று அவளுக்குப் பட்டம் கொடுத்தது டஸ்டி. பட்டத்தோடு சம்பள உயர்வு எதுவும் வரவில்லை.

கதவை முழங்கையால் தள்ளிக்கொண்டு டஸ்டி ப்ரெபிச் உள்ளே வந்தான். பரிசோதனைக் கூடத்தில் இருபத்தாறு வருடம் கிருமி வளர்த்தவன். தன் பிள்ளைகளைவிட அவை சொன்ன பேச்சைக் கேட்கும் என்பான். கையில் ஒரு தாங்கி, அதில் மூடி போட்ட பதினோரு பிளாஸ்டிக் மூத்திரக் கோப்பைகள்.

"குளிர்பெட்டியில மிச்சம் இருந்துச்சு பாஸ். கேஸுன்னா சாட்சி வேணுமே."

"காலைச் சாப்பாடு முடிச்சுட்டுத்தான் வந்தேன். பரவாயில்ல, வை."

"பதினோரு பேரும் ஒரே தையல்காரர்கிட்ட சட்டை தச்சிருக்காங்க." டஸ்டி ஒரு காகிதத்தை நீட்டினான். "பதினொண்ணுலயும் ஒரே ஈ.கோலை. சல்ஃபா மாத்திரைக்கு அசையல. சிப்ரோவப் பார்த்துச் சிரிக்குது. செஃபலெக்சின சாப்பாடுன்னு நினைச்சுடுச்சு. ஒரு எண்கூட மாறல."

"எதுக்குச் சாகுது?"

"ஊசிக்குச் சாகுது. அப்புறம் நம்ம நைட்ரோஃபுரான்டாயின், எழுபது வருஷத்துக் கிழவன், அவனக் கண்டாலும் சாகுது."

"மூத்திரப்பையோட நிக்கிற தொத்துக்கு அந்த மாத்திரையே போதுமே. டாக்டர் நிஸ்ட்ராம் ஏன் நேரா ஊசிக்குப் போனார்?"

"லேப் அறிக்கையில சிவப்பு எழுத்தப் பார்த்துப் பயந்திருப்பார்."

"அதுக்குத்தானே வருஷா வருஷம் அட்டை அடிச்சுக் குடுக்குறோம்?"

டஸ்டி புருவத்தை உயர்த்தினான். இந்த ஊரில் எந்தக் கிருமிக்கு எந்த மருந்து இன்னும் வேலை செய்கிறது என்று கணக்கெடுத்து, பளபளப்புத்தாள் ஒட்டி, சட்டைப் பையில் அடங்கும் அட்டையாக ஒவ்வொரு டாக்டருக்கும் சென்யா கொடுக்கிறாள். டாக்டர்களும் ஒரு நாள்கூடத் தவறாமல் அதைப் பயன்படுத்துகிறார்கள், கார் கண்ணாடியில் படிந்த பனியைச் சுரண்ட. டாக்டர் கார்டன் நிஸ்ட்ராமின் அட்டையில் கடைசி மூன்று வரிகள் தேய்ந்தே போய்விட்டன. நைட்ரோஃபுரான்டாயின் இருந்தது அந்த வரிகளில்தான்.

அவரைப் போனில் கூப்பிட்டாள்.

"டாக்டர், லிஸ்ட்ல ஆர்விட் டொலஃப்சன் இருக்கார். வலிப்புக்கு வால்ப்ரோயேட் சாப்பிடுறவர். இந்த ஊசி போட்டா அந்த மருந்து ரத்தத்துல சரசரன்னு எறங்கிடும். வலிப்பு வந்துடும்."

"அவருக்கு வலிப்பு வந்து பத்து வருஷம் ஆச்சே சென்யா."

"அந்த மருந்து சாப்பிடுறதாலதான் வரல."

"அப்படியும் பார்க்கலாம்," என்றார் நிஸ்ட்ராம் இதமாக. இந்த ஊரில் 'இல்லை' என்பதை இப்படித்தான் சொல்வார்கள். முப்பது வருடத்தில் அவர் வாயிலிருந்து நேரடியாக ஒரு 'இல்லை' வந்து சென்யா கேட்டதில்லை. "பதினோரு பேர், ஒரே கிருமி. இல்லத்துல பரவுது. குடும்பங்களுக்கெல்லாம் சொல்லியாச்சு. பன்னெண்டு மணிக்கு முதல் ஊசி. நீ கையெழுத்தப் போட்டு அனுப்பிடும்மா."

மணி எட்டரை. சென்யா கோட்டை எடுத்தாள்.

"எங்க பாஸ்?"

"பதினோரு நோயாளியையும் பார்த்துட்டு வருவோம்."

"பார்க்கணுமா? டாக்டரே பார்க்கல."

காரில் ஏறியதும் வெர்னாவின் நினைவு வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. போன குளிர்காலம். அதே இல்லத்தில் இருந்த வெர்னா ஒரு நாள் முழுக்கச் சம்பந்தமில்லாமல் பேசினாள் என்று மூத்திரம் எடுத்தார்கள். கிருமி இருந்தது. அந்த வயதில் பாதிப் பேருக்கு இருக்கும், ஒரு தொல்லையும் தராமல், வாடகை கேட்காத குடித்தனம்போல. மருந்து எழுதினார்கள், சென்யா கையெழுத்துப் போட்டாள். மருந்து அந்தக் கிருமியோடு குடலில் இருந்த நல்லவற்றையும் துடைத்துவிட்டது. வயிற்றுப்போக்கு நிற்கவே இல்லை. மூன்று வாரம். அடக்கம் முடிந்து அவள் சாமான்களைக் கட்டும்போதுதான் தெரிந்தது, வெர்னாவின் காது மெஷினில் பேட்டரி தீர்ந்திருந்தது. அவள் சம்பந்தத்தோடுதான் பேசியிருக்கிறாள். கேள்விதான் அவள் காதுக்குப் போகவில்லை.

யாரும் சென்யாவைக் குறை சொல்லவில்லை. மகள் நன்றிக் கடிதம்கூட அனுப்பினாள். அந்தக் கடிதத்தின் முதல் வரியைத் தாண்டி சென்யா இன்னும் படிக்கவில்லை.

*

மார்ச் மாதம் ஆகியும் ஏரி உறைந்தே கிடந்தது. இல்லத்தின் வாசலில் நுழைந்ததும் பெரிய அட்டை ஒன்று மாட்டியிருந்தது. அதில் வரிசை வரிசையாகத் தங்க நட்சத்திரங்கள். மேலே: 'திங்கள் கோப்பை! முப்பது மாதம், ஒரு கோப்பைகூடத் தவறவில்லை!'

"பாஸ், என் பொண்ணு நாலாங்கிளாஸ்ல இதே மாதிரி நட்சத்திரம் வாங்கினா. அவ பல் விளக்கினதுக்கு."

நிர்வாகி மார்லிஸ் எங்கன் இரு கைகளையும் நீட்டிக்கொண்டு வந்தாள். அறுபது வயது, பூப்போட்ட ஸ்வெட்டர், முகத்தில் எப்போதும் யாருக்கோ ஆறுதல் சொல்வது போன்ற சிரிப்பு. "வாங்க, வாங்க. இந்தக் குளிர்ல நீங்களே வரணுமா? காபி குடிங்க. பேரீச்சை கேக் இருக்கு."

அவள் அறையில் கேக் தட்டு இருந்தது. ஒரே ஒரு துண்டு மிச்சம். அந்தத் துண்டையும் யாரோ பாதியாக வெட்டி எடுத்திருந்தார்கள், மிச்சத்தில் பாதியை இன்னொருவர், அதிலும் பாதியை வேறொருவர். கடைசித் துண்டை எடுத்தவர் என்ற பெயர் வாங்க இந்த ஊரில் ஒருவருக்கும் மனம் வராது. இப்போது விரல் நகம் அளவுக்கு ஒரு சதுரம் தட்டின் நடுவில் தனியாக இருந்தது.

"கடைசி மருந்துக்கும் இந்த மரியாதை கிடைச்சா நல்லாருக்கும்," என்று டஸ்டி முணுமுணுத்தான்.

"திங்கள் கோப்பைன்னா என்ன மார்லிஸ்?"

"மாசத்துல முதல் திங்கக்கிழமை ஏழு மணிக்குள்ள இந்தப் பகுதியில இருக்கிற பதினோரு பேர்கிட்டயும் ஒரு கோப்பை. சோதனைப் பட்டைய நனைச்சு நிறம் பார்த்து எழுதிட்டு லேபுக்கு அனுப்பிடுவோம். குடும்பங்களுக்கு ரொம்ப நிம்மதி."

"எரிச்சல், காய்ச்சல் ஏதாவது இருந்தாத்தானே எடுக்கணும்?"

"அது வர்ற வரைக்கும் காத்திருக்கணுமா?" மார்லிஸ் உண்மையாகவே திகைத்தாள்.

"யார் எடுக்குறாங்க?"

"திங்கக்கிழமை காலையில நாலு பேர் இருப்பாங்க. எல்லாரும் சேர்ந்துதான். யார் எதை எடுத்தாங்கன்னு எழுதுறதில்ல. எழுதச் சொன்னா நம்பிக்கை இல்லாத மாதிரி ஆயிடுமே."

பட்டை பார்த்து எழுதிய தாளையும், யார் யார் என்ன மாத்திரை சாப்பிடுகிறார்கள் என்ற பட்டியலையும் சென்யா வாங்கிக்கொண்டாள். தாளில் பதினோரு பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே கட்டங்கள். கிருமி: உண்டு. ரத்தம்: லேசாக. சர்க்கரை: இல்லை. பதினோரு வரியும் ஒரே மாதிரி.

எங்கோ ஒரு இடம் உறுத்தியது. எது என்று தெரியவில்லை.

*

பொதுக்கூடத்தில் ஆர்விட் டொலஃப்சன் கிரிபேஜ் சீட்டாடிக்கொண்டிருந்தார். எண்பத்தொரு வயது. ஹாக்கி மைதானத்தில் பனித்தரை வழிக்கும் வண்டியை நாற்பது வருடம் ஓட்டியவர். எதிரே பெர்னடீன், அவரைவிட இரண்டு வயது மூத்தவள், அவரைவிட ஆயிரம் மடங்கு கெட்டிக்காரி.

"வாம்மா. பரவுதாமே ஏதோ? பெர்னடீன் என்னைய ஏமாத்துறா, அதுதான் இங்க பரவுது."

"ஏமாத்தணும்னா எதிர்ல ஒரு மூளை வேணும்," என்று பெர்னடீன் புள்ளிக் கணக்குப் பலகையில் ஆணியை நகர்த்தினாள்.

வலிக்கிறதா என்று இவர்களிடம் கேட்டுப் பயனில்லை என்பது சென்யாவுக்குத் தெரியும். கால் ஒடிந்தவர்களும் 'இதைவிட மோசமா இருந்திருக்கலாம்' என்பார்கள். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து ஆட்டத்தை வேடிக்கை பார்த்தாள். ஆர்விட் மூன்று கோப்பை காபி குடித்தார். பெர்னடீன் இரண்டு. முக்கால் மணி நேரத்தில் இருவரும் ஒரு முறைகூட எழுந்திருக்கவில்லை.

"மூத்திரப்பையில தொத்து இருக்கிறவங்க மூணு காபிக்கு உக்காந்திருக்க மாட்டாங்க," என்றாள் டஸ்டியிடம் தாழ்ந்த குரலில். "மத்தவங்களப் பார்த்தியா?"

"ஒன்பது பேரையும் பார்த்தேன் பாஸ். ஒருத்தர் ஸ்வெட்டர் பின்னுறார். ரெண்டு பேர் சண்டை. ஒரு அம்மா எனக்குப் பொண்ணு பார்க்குறாங்க. கல்யாணம் ஆயிடுச்சுன்னு சொன்னேன், அதனால என்னங்குறாங்க. நோயாளின்னு ஒரு ஆள் கிடைக்கல."

ஆர்விட் அடுத்த சீட்டை எடுக்கும் முன் சட்டைப் பையிலிருந்து மாத்திரை டப்பாவைத் திறந்தார். வலிப்பு மாத்திரை ஒன்று. கூடவே, சின்னதாக மஞ்சளில் ஒன்று.

"அது சர்க்கரைக்கா?"

"ஆமாம்மா. ரத்தத்துல இருக்கிற சர்க்கரைய மூத்திரத்துல தள்ளி விட்டுடுமாம். இந்த வயசுல நான் இனிப்பா ஆயிட்டேன்னு நர்ஸ் சொல்றா."

"புளிச்ச மனுஷன் எங்கயாவது ஒரு இடத்துல இனிப்பா இருந்தாச் சரி," என்றாள் பெர்னடீன்.

சென்யாவின் கை தாளுக்குப் போனது. டொலஃப்சன், ஆர்விட். சர்க்கரை: இல்லை.

அந்த மாத்திரை சாப்பிடுகிறவரின் மூத்திரத்தில் சர்க்கரை இருந்தே தீரும். சர்க்கரையை வெளியே தள்ளுவதுதான் அதற்கு வேலை. இல்லையென்றால் இரண்டில் ஒன்று. மாத்திரை வயிற்றுக்குள் போகவில்லை. அல்லது மூத்திரம் ஆர்விட்டுடையது இல்லை.

மாத்திரை அவள் கண் முன்னாலேயே போனது.

"ஆர்விட், எனக்காக ஒரு உதவி. ஒரு கோப்பை."

"இப்பவா? மூணு காபிக்கு அப்புறமா? ரெண்டு கோப்பை தர்றேன்."

டஸ்டி கழிப்பறை வாசலில் காத்திருந்து, பட்டையை நனைத்து, தூக்கிக் காட்டினான். சர்க்கரைக் கட்டம் கரும்பழுப்பாக மாறியிருந்தது. கிருமிக் கட்டம் வெள்ளையாகவே இருந்தது.

"பாஸ், இந்த ஆள் மூத்திரத்த வச்சு ஜாம் போடலாம். திங்கக்கிழமை கோப்பை இவரோடது இல்ல."

"பெர்னடீன், திங்கக்கிழமை காலையில கோப்பை குடுத்தீங்களா?"

பெர்னடீன் சீட்டுகளை அடுக்கினாள். "அந்த நேரத்துல எனக்கு வராதும்மா. வரலைன்னு சொன்னேன். பரவாயில்ல, தூங்குங்கன்னு போர்வையப் போத்திவிட்டுப் போயிட்டா. நல்ல பொண்ணு."

"யாரு?"

ஆர்விட் உடனே சன்னலுக்கு வெளியே பார்த்தார். பெர்னடீன் ஏரியில் உறைந்த பனியைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். ஒருத்தியைக் காட்டிக்கொடுப்பதைவிட ஊசி போட்டுக்கொள்வது மரியாதை என்று இருவரும் முடிவு செய்துவிட்டது தெரிந்தது.

மணி பதினொன்றே கால்.

சென்யா கண்ணை மூடிக்கொண்டாள். காலையில் மேசையில் இருந்த தாங்கி நினைவுக்கு வந்தது. பதினோரு கோப்பைகள். அப்போது உறுத்தாதது இப்போது உறுத்தியது. வயதானவர்கள் கொடுக்கும் கோப்பையில் ஒன்றில் ஒரு தேக்கரண்டி இருக்கும், ஒன்று விளிம்பு வரை வழியும். அந்தப் பதினொன்றிலும் ஒரே கோடு வரை இருந்தது.

"டஸ்டி, அந்தக் கோப்பையெல்லாம்..."

"ஒரே அளவு. நானும் பார்த்தேன். பார்ல ஊத்தின மாதிரி கச்சிதமா இருக்கேன்னு நினைச்சேன்."

அப்போது கூடத்தின் மறு கோடியில் ஜூஸ் வண்டி வந்தது. அதைத் தள்ளி வந்த உதவியாளருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். பெரிய கண்ணாடிக் குடுவையைத் தூக்கி வரிசையாக டம்ளர்களில் ஊற்றிக்கொண்டே யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாள். டம்ளரைப் பார்க்கவே இல்லை. கை தானாகத் தூக்கியது, நிறுத்தியது, நகர்ந்தது. பதினோரு டம்ளர்கள். ஒரு சொட்டு ஏறவில்லை, இறங்கவில்லை. எல்லாம் ஒரே கோடு.

டஸ்டி விசிலடிக்கப் போய் நிறுத்திக்கொண்டான். "ரோக்சன் ஸ்கூபிக். ஊர் மதுக்கடையில பதினஞ்சு வருஷம் ஊத்தினவ. எனக்கே ஊத்தியிருக்கா."

சென்யா வேறொன்றையும் பார்த்தாள். கூடம் அடுப்பு மாதிரி சூடாக இருந்தது, ரோக்சன் கம்பளி ஜாக்கெட்டைக் கழுத்து வரை இழுத்து மூடியிருந்தாள். இடது கை ஊற்றியது. வலது கை முதுகுப்புறம் விலாவுக்குக் கீழே அழுத்திப் பிடித்திருந்தது, விட்டால் ஏதோ விழுந்துவிடும் என்பது போல.

*

போர்வைகள் அடுக்கிய அறையில் ரோக்சன் ஒரு கூடையைக் கவிழ்த்து உட்கார்ந்தாள். உட்கார்ந்ததுமே எழுந்தாள். "ஒரு நிமிஷம்," என்று பாத்ரூம் போய் வந்தாள். உதடு வெளுத்திருந்தது.

"எத்தன நாளா?" என்றாள் சென்யா.

"எது?"

"எரிச்சல்."

ரோக்சன் டஸ்டியைப் பார்த்தாள். டஸ்டி உடனே சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான். "நான் இல்ல. நான் ஒரு போர்வை."

அவளுக்குச் சிரிப்பு வந்தது, பாதியில் வலித்து நின்றது. "நவம்பர்லேர்ந்து. போகும், வரும். நடையில டாக்டர் நிஸ்ட்ராமப் பார்க்குறப்ப சொன்னேன். பாவம், நின்னுக்கிட்டே எழுதிக் குடுத்தார். முதல்ல சல்ஃபா. அப்புறம் சிப்ரோ. அப்புறம் செஃபலெக்சின்."

"டெஸ்ட்?"

"இல்ல. நானும் கேட்கல. அவசரமாப் போயிட்டிருந்தார்."

சென்யா எண்ணிப் பார்த்தாள். மூன்று மருந்து, ஒன்றுக்கும் சோதனை இல்லை. ஒவ்வொரு முறையும் சாகக்கூடியது செத்தது, சாகாதது தங்கியது. காலையில் டஸ்டி படித்த பட்டியல் அப்படியே இந்தப் பெண்ணின் நவம்பரிலிருந்து மார்ச் வரை.

"இப்ப குளிர்க்காய்ச்சல் உண்டா?"

"ராத்திரி நடுங்குது. காலையில வாந்தி." ரோக்சன் கைகளைப் பார்த்துக்கொண்டாள். "நான் வேணும்னு பண்ணல. திங்கக்கிழமை யாருக்கும் வரல. ஆர்விட்ட எழுப்பினா வேலைக்கு நேரமாச்சான்னு கேட்டார். எப்படி எழுப்புறது? மார்லிஸ் அந்த நட்சத்திரத்தக் கையில வச்சுக்கிட்டு நிக்கிறா. வரலைன்னு அவகிட்ட சொல்ல முடியுமா, நீயே சொல்லு. எனக்கு நிக்காமப் போய்க்கிட்டு இருந்துச்சு. ஒரு ஜாடி நிறைய. வீணாத்தானே போகுதுன்னு..."

"ஊத்திட்ட."

"ஊத்திட்டேன்." அவள் கண் நிறைந்தது. "கிருமின்னு வந்தாலும் எல்லாருக்கும் ஒரு மாத்திரை குடுப்பாங்க, போயிடும்னு நினைச்சேன். ஊசின்னு இன்னிக்குத்தான் கேட்டேன். சொல்லணும்னு ரெண்டு தடவ மார்லிஸ் ரூம் வரைக்கும் போனேன். கேக் குடுத்தா. வந்துட்டேன்."

போர்வையாக நின்றவன் மெதுவாகச் சொன்னான். "ரோக்சன், ஆஸ்பத்திரி ஆரம்பிச்சதுலேர்ந்து உன் மூத்திரத்த மாதிரி எதையும் இவ்வளவு தீவிரமாச் சோதிச்சதில்ல. பதினோரு பேர்ல. உன் பேர்ல மட்டும் இல்ல."

சென்யா அவள் முதுகில், விலாவுக்குக் கீழே, முஷ்டியால் லேசாகத் தட்டினாள். ரோக்சன் கத்திவிட்டாள்.

சிறுநீரகம். நைட்ரோஃபுரான்டாயின், அந்த எழுபது வருடத்துக் கிழவன், அங்கே வரை ஏற மாட்டான். அவன் மூத்திரப்பையோடு நின்றுவிடுவான். இதற்கு ஊசிதான். காலையிலிருந்து யாருக்கும் போடவிடக் கூடாது என்று அவள் காத்து நின்ற அதே ஊசி. பூட்டிய அலமாரி இந்த ஒருத்திக்காகத்தான் இருந்திருக்கிறது. கேட்கத் தெரியாத ஒரே ஆளும் இவள்தான்.

"டஸ்டி, அவசரப் பிரிவுக்குக் கூட்டிட்டுப் போ. சிறுநீரகத் தொத்துன்னு நான் போன் பண்றேன். புதுசா ஒரு கோப்பை எடு. அவ பேர்ல."

"எனக்கு வேலை போயிடும் சென்யா. மார்லிஸுக்குத் தெரிஞ்சா..."

"நீ இப்ப நோயாளி. நோயாளி பேர நான் யார்கிட்டயும் சொல்றதில்ல."

டஸ்டி தன் கோட்டைக் கழற்றி அவள் தோளில் போட்டான். "வா. பதினஞ்சு வருஷம் நீ எனக்கு அளந்து ஊத்தின. இன்னிக்கு நான் வண்டிய அளந்து ஓட்டுறேன்."

*

பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம். மார்லிஸின் மேசைப் போனின் ஒலிபெருக்கியில் டாக்டர் நிஸ்ட்ராம் இருந்தார். பதினோரு சீட்டுகளும் பன்னிரண்டாவதாக ஒரு அறிக்கைப் படிவமும் வரிசையாக இருந்தன. சென்யா நடந்ததைச் சொல்லி முடித்தாள், பெயரைத் தவிர. ஆர்விட்டின் சர்க்கரையை இரண்டு முறை சொன்னாள். அதை மட்டும் யாராலும் மறுக்க முடியவில்லை.

மார்லிஸின் சிரிப்பு போகவில்லை. இடம் தெரியாமல் முகத்திலேயே நின்றது.

"அப்போ பதினோரு பேருக்கும் ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்ல."

"ரொம்ப நல்ல செய்தி." மார்லிஸ் கைகளைக் கோர்த்துக்கொண்டாள். "ஆனா பதினோரு குடும்பத்துக்கும் சொல்லியாச்சு. அரிசோனாவிலேர்ந்து ஒருத்தர் விமானம் ஏறிட்டார். அவங்க வந்து எறங்குறப்ப, உங்க அப்பாவுக்கு ஒண்ணுமே இல்ல, கோப்பையே அவரோடது இல்லன்னு எப்படிச் சொல்றது? ஊசி போட்டோம், அடங்கிடுச்சுன்னா எல்லாருக்கும் நிம்மதி."

"ஆர்விட்டுக்கு வலிப்பு வரும்."

"ஆர்விட்டுக்கு வேண்டாம்," என்றது ஒலிபெருக்கி தாராளமாக. "பத்து பேருக்குப் போட்டுடலாம். ரெண்டே ரெண்டு நாள். ஒரு மரியாதைக்கு."

மரியாதைக்கு. சென்யா அந்தச் சொல்லைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். வெர்னாவுக்குக் கொடுத்ததும் மரியாதைக்குத்தான். மகள் கேட்டாள், நர்ஸ் கேட்டாள், டாக்டர் எழுதினார், தான் கையெழுத்துப் போட்டாள். யாரும் யார் மனதையும் புண்படுத்தவில்லை. இந்த ஊரில் கிருமிகள் கொழுப்பது எதைத் தின்று என்று டஸ்டியிடம் சொல்ல வேண்டும். அவன் ஏதாவது ஜோக் அடிப்பான். இப்போது அவன் பக்கத்தில் இல்லாதது குறையாக இருந்தது.

மார்லிஸ் படிவத்தை அவள் பக்கம் நகர்த்தினாள். "இன்னொண்ணு. கோப்பைய மாத்தினது யாருன்னு இங்க ஒரு கட்டம் இருக்கு. பேர் எழுதிட்டா விஷயம் முடிஞ்சுது. திட்ட மாட்டோம். அன்பாத்தான் அனுப்பி வைப்போம்."

"திங்கள் கோப்பைய நிறுத்துங்க மார்லிஸ். உடம்புக்கு முடியாதவங்ககிட்ட மட்டும் எடுங்க. அறிக்கையில அத எழுதுறேன்."

"அப்படியும் பண்ணலாம்," என்றாள் மார்லிஸ். பிறகு கேக் தட்டையும் அவள் பக்கம் நகர்த்தினாள். நடுவில் அந்த நகமளவு சதுரம். "இதையும் நீங்களே எடுத்துக்குங்க. யாரும் எதுவும் நினைச்சுக்க மாட்டாங்க."

ஒலிபெருக்கி லேசாகக் கரகரத்தது. கூடத்திலிருந்து ஆர்விட்டின் குரல் கேட்டது, பெர்னடீன் மறுபடி ஏமாற்றிவிட்டாளாம். மார்லிஸ் பேனாவை எடுத்து மூடியைக் கழற்றி, முனை தன் பக்கம் இருக்கும்படி நீட்டினாள். சென்யா என்ன சொல்லப் போகிறாள் என்பது மார்லிஸுக்குத் தெரியும். அப்படியும் பார்க்கலாம் என்பாள், கொஞ்ச நேரம் காபி குடிப்பார்கள், ஏரியில் பனி எப்போது உடையும் என்று பேசுவார்கள், நாற்பது நிமிடத்தில் கையெழுத்தாகிவிடும்.

சென்யா பேனாவை வாங்கினாள். மூடியைப் போட்டாள். பதினோரு சீட்டுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அதன்மேல் படிவத்தை வைத்து, அதன்மேல் பேனாவை வைத்து, மெதுவாக மார்லிஸ் பக்கம் திருப்பித் தள்ளினாள்.

"மாட்டேன்," என்றாள்.